முந்திக்கொண்ட வாழ்த்து

அத்தியாயம் 17

புஷ்பவல்லி வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு குதிரைக் காலண்டர் தொங்குகிறது. பந்தய நாட்களில் குட்டிக் குதிரைப் படம் போட்டிருக்குமே, அதுதான். அந்த வீட்டில் பந்தயத்துக்குப் போகிறவர் ஒருவரும் கிடையாது. கட்டம் பெரிசாக இருக்கிறது, எழுதத் தோதாக இருக்கிறது என்றுதான் அதை வாங்கி மாட்டியது.

மார்ச் மாதம் சாயங்கால ஆங்கில வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து, தினமும் காலையில் அந்தக் கட்டத்தில் ஒரு வாக்கியம் எழுதுவது அவள் பழக்கம். இத்தனை மணிக்கு இன்னது செய்துகொண்டிருப்பேன், இத்தனை மணிக்குள் இன்னதைச் செய்து முடித்திருப்பேன் என்று. ‘பத்து மணிக்குத் துணி துவைத்துக்கொண்டிருப்பேன்.’ ‘மழை வருவதற்குள் காயப்போட்டதை எடுத்திருப்பேன்.’ எல்லாம் இங்கிலீஷில். வகுப்பு டீச்சர் சொல்லிக் கொடுத்த வழி. இனிமேல் நடக்கப்போவதையே இங்கிலீஷ்காரன் மூன்று நாலு தினுசாகப் பிரித்து வைத்திருக்கிறான், வீட்டு வேலையை வைத்துப் பழகினால்தான் அது நாக்கில் நிற்கும் என்பது அந்த அம்மாளின் கட்சி.

அவள் எழுதி முடித்து நகர்ந்ததும் நாத்தனார் இராசேஸ்வரி வருவாள். அரசாங்க ஆபீசில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்த கை. ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம் உள்ள பென்சில் எப்போதும் அவள் கைப்பையில் உண்டு. தப்பைச் சிவப்பால் சுற்றி வட்டம் போடுவாள். பென்சிலைத் திருப்பி நீலத்தால் சரியானதை எழுதுவாள். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல மாட்டாள், போய்க்கொண்டே இருப்பாள்.

காலண்டர் என்றில்லை, பால்காரனுக்கு எழுதி வைக்கும் துண்டுக் காகிதத்தில்கூட வட்டம் விழும்.

வியாழக்கிழமை காலையிலும் புஷ்பவல்லி எழுதினாள். ‘மூன்று மணிக்கு நான் இன்டர்வியூவில் உட்கார்ந்திருப்பேன். ஐந்து மணிக்குள் வீட்டுக்கு வந்திருப்பேன்.’

இராசேஸ்வரி வந்து நின்றாள். படித்தாள். பென்சிலை எடுத்தாள். பிறகு பையிலேயே போட்டுக்கொண்டாள்.

“தப்பில்லையா அக்கா?” என்றாள் புஷ்பவல்லி.

“இல்லை. அந்த நீலச் சேலையைக் கட்டு, புஷ்பம். மஞ்சள் வேணாம், ஆஸ்பத்திரி லைட்ல முகம் வெளுத்துப் போகும்.”

அவ்வளவுதான். காலண்டருக்குப் பக்கத்தில் குத்தியிருந்த தீபாவளிச் சாமான் பட்டியலை ஒரு தடவை சரி பார்த்தாள். நல்லெண்ணெய், கடலை மாவு, ஏலக்காய், வாழை இலை மூன்று. வருஷா வருஷம் அதே பட்டியல், அதே மூன்று இலை. வீட்டில் இருப்பது மூன்று பேர்தானே. குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள்.

இந்தச் சிவப்பு வட்டத்தின் வயது பதினாலு வருஷம் என்பதை, நடுவில் வந்து சேர்ந்த வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இராசேஸ்வரியும் அவள் தம்பி சிவசம்புவும் யாழ்ப்பாணத்து வழி வந்த பிரிக்பீல்ட்ஸ் குடும்பம். அப்பா ரயில்வேயில் பெரிய கிளார்க். வீட்டில் நாயைக் கூப்பிடுவதுகூட இங்கிலீஷில். அந்த வீட்டுக்கு, கிள்ளானில் பூக்கடை வைத்திருந்த வேலாயுதத்தின் மகள், தமிழ்ப்பள்ளியில் படித்த புஷ்பவல்லி, காதலித்து வந்து சேர்ந்தாள்.

கல்யாணச் சாப்பாட்டுப் பந்தியில்தான் அது நடந்தது. இராசேஸ்வரி விருந்தாளிகள் நடுவில் நின்றுகொண்டு வேலாயுதத்திடம் இங்கிலீஷில் கேட்டாள்: “உங்கள் மகளை ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குக் கூடவா அனுப்பவில்லை? இந்த வீட்டில் அவள் யாரோடு பேசுவாள்?”

பாவம், மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. சம்பந்தி வீட்டார் ஏதோ மரியாதையாகக் கேட்கிறார்கள் என்று நினைத்து, “யெஸ், யெஸ்” என்று சிரித்தார். பந்தியே சிரித்தது. பக்கத்து இலைக்காரர் அர்த்தத்தைக் காதில் சொன்னதும், வேலாயுதம் பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்தார். “நாலு பேர் முன்னால என் மக இங்கிலீஷ்ல கேட்ட கேள்விக்கு இங்கிலீஷ்லேயே பதில் சொல்லட்டும். அன்னிக்கு இந்தப் படி ஏறுறேன்” என்றார். பதினாலு தீபாவளி போய்விட்டது. மகள்தான் கிள்ளானுக்குப் போய் வருகிறாள். அவர் ஏறவில்லை.

ஆங்கில வகுப்புக்குப் போவதையே புஷ்பவல்லி அப்பாவிடம் சொல்லவில்லை. தோற்றுப்போனால் அவருக்கு அது இரண்டாவது அவமானம் ஆகிவிடுமே என்று பயம். பங்சாரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் கவுண்டர் கிளார்க் வேலைக்கு எழுத்துப் பரீட்சை எழுதித் தேறியதையும் சொல்லவில்லை. இன்றைக்கு மூன்று மணிக்கு நேர்முகம். அது முடிந்து, வேலையும் கிடைத்த பிறகு, கிள்ளானுக்குப் போய் அவர் காலில் விழுந்து சொல்வதாக மனசுக்குள் ஒரு கணக்கு.

அந்தக் கணக்கில் மண் விழுந்தது காலை ஒன்பது மணிக்கு.

வாசலில் சைக்கிள் மணி. பேப்பர் ஏஜெண்ட் தம்புசாமி. பிரிக்பீல்ட்ஸில் கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் பேப்பர்க் கடை போட்டிருப்பவர், தமிழ்ப் பத்திரிகைக்கு விளம்பரமும் வாங்கி அனுப்புகிறவர். தீபாவளி மலர் சமயத்தில் அவரைக் கையில் பிடிக்க முடியாது. பரீட்சை பாஸானவர், பட்டம் வாங்கியவர், புதுக் கடை திறந்தவர் என்று ஊரில் இருக்கிற முகமெல்லாம் அந்த மலரில் கட்டம் கட்டி வரும்.

“தங்கச்சி, ஒரே நிமிஷம். உங்க புரூஃப் வந்திருக்கு. பேர்ல எழுத்து சரியா இருக்கான்னு பார்த்துக் குடுத்திடுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகுது.”

“என் புரூஃபா? என்ன அண்ணே சொல்றீங்க?”

அவர் நீட்டிய ஈரக் காகிதத்தில் அவள் முகமே இருந்தது. வேலை மனுவுக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம். அதற்குக் கீழே:

‘ஆங்கிலத் தேர்விலும் நேர்முகத்திலும் வெற்றி பெற்று, பங்சார் மருத்துவமனையில் பணியில் அமர்ந்திருக்கும் கிள்ளான் திரு. வேலாயுதம் அவர்களின் அருமை மகள் திருமதி புஷ்பவல்லி சிவசம்பு அவர்களுக்கு நெஞ்சார்ந்த வாழ்த்துகள். இப்படிக்கு: குடும்பத்தார்.’

புஷ்பவல்லி அதை இன்னொரு தடவை படித்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“யாரு அண்ணே குடுத்தது இதை?”

“யாருன்னு பார்க்கல தங்கச்சி. கவர்ல போட்டு, படமும் கட்டணமும் உள்ளேயே வச்சு, கடைப் பெட்டியில போட்டிருந்தாங்க. வீட்டு அட்ரஸ் இருந்துச்சு. ஏன், தப்பா ஏதும்?”

“இன்டர்வியூவே இன்னிக்கு மூணு மணிக்குத்தான் அண்ணே!”

தம்புசாமி வாயைத் திறந்தவர் மூட மறந்துவிட்டார். “அய்யோயோ” என்றார் கடைசியில். “மலர் ஞாயித்துக்கிழமை வெளிய வருதே! சரி, பயப்படாதீங்க. அஞ்சு மணிக்குள்ள கடைக்கு வந்து வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எடுத்திடறேன். அஞ்சு மணி தாண்டிட்டா என் கையில இல்ல லா.”

அவர் போனதும் புஷ்பவல்லி செய்த முதல் காரியம், போர்ட் கிள்ளானுக்குப் போன் போட்டது. புருஷன் சிவசம்பு அங்கே துறைமுகக் கிடங்கில் வேலை. தங்கமான மனுஷன், ஆனால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. போன வருஷம் தனக்கு சூப்பர்வைசர் பதவி கிடைத்துவிட்டது என்று கிடங்கு முழுக்க கேக் வாங்கிக் கொடுத்தான். பதவி இன்னொருவனுக்குப் போயிற்று. கேக் சாப்பிட்டவர்கள் இன்னும் அவனைக் கிண்டல் பண்ணுகிறார்கள். இது அவன் வேலைதான், சந்தேகமே இல்லை.

“ஏங்க, உங்களுக்குப் புத்தி இருக்கா?”

“என்ன ஆச்சு புஷ்பம்? நான் கிரேன் பக்கத்துல நிக்கிறேன், சத்தமா சொல்லு!”

“மலர்ல என் படத்தைப் போடச் சொன்னீங்களா இல்லையா?”

“மலரா? எந்த மலர்?” என்றான். அவள் படபடவென்று விஷயத்தைச் சொல்லி முடித்ததும், அந்தப் பக்கம் லோரிச் சத்தத்துக்கு மேல் ஒரு சிரிப்புக் கேட்டது. “சத்தியமா நான் இல்ல. ஆனா ஐடியா நல்லா இருக்கு லா!”

“விளையாடாதீங்க. அந்தப் படத்துல ஒரு காப்பி உங்க பர்ஸ்லதான இருந்துச்சு?”

“இப்பவும் இருக்கே. பார்த்துக்கிட்டுதான் பேசுறேன். இன்னொண்ணு மேசை டிராயர்ல இருக்குமே, பாரு.”

போனை வைத்துவிட்டு ஓடிப்போய் டிராயரைத் திறந்தாள். படம் இல்லை.

பொய் சொல்கிறார், டிராயரிலிருந்து எடுத்ததும் இவர்தான் என்று புஷ்பவல்லி தீர்மானம் பண்ணிவிட்டாள். கோபமான கோபம். அப்பா அந்த மலரை அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் பார்ப்பார். பூக்கடை வாசலில் ஸ்டூல் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முகமாக, இது யார் பிள்ளை, அது யார் பேத்தி என்று வாசித்துச் சொல்வார். மகள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிள்ளான் முழுக்கப் பெருமை பேசுவார். அடுத்த நாளே வேலை இல்லை என்று ஆனால்? பந்தியில் சிரித்த மாதிரி ஊர் இன்னொரு தடவை சிரிக்கும்.

புரூஃப் காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, மினி பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் மேட்ரன் மிஸஸ் கோ மேசைக்கு அந்தப் பக்கம். பக்கத்தில் ஒரு மேனேஜர். மேட்ரன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வையே ஆளை உட்கார வைத்துவிடும். பெயர், வயது, முன் அனுபவம் எல்லாம் கேட்டார். புஷ்பவல்லி மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் பதில் சொன்னாள். சொல்லும்போதே கண்ணுக்கு முன்னால் ஒரு சிவப்புப் பென்சில் வந்து வந்து போயிற்று. இரண்டு கேள்விக்குத் தடுமாறினாள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

போச்சு, என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கதவோரம் ஒரு அட்டெண்டரும் வந்து நின்றார். போனில் ஒரு ஆள் கத்துகிறான், தமிழ் மட்டும்தான் பேசுகிறான், இந்நேரம் பார்த்து வார்டில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை, என்ன செய்வது என்று கேட்டாள். மேட்ரன் ஒரு கணம் யோசித்தார். மேசையில் இருந்த போனை எடுத்து, லைனை இங்கே கொடுக்கச் சொல்லி, புஷ்பவல்லி பக்கம் நகர்த்தினார்.

“யூ டேக் இட்” என்றார்.

அந்தப் பக்கம் ஒரு லோரி டிரைவர். போர்ட் கிள்ளானில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது தகவல் போயிருக்கிறது. “அக்கா! என் சம்சாரத்தை உள்ள கொண்டு போய்ட்டாங்களாம்! நான் இப்ப கிளம்பினா வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள பொறந்திருக்குமா அக்கா? சும்மா சொல்லுங்க, பொறந்திருக்குமா?”

புஷ்பவல்லி போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நர்சைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டாள். எந்த ரூம், டாக்டர் என்ன சொல்கிறார், தாய் எப்படி இருக்கிறாள் என்று. நர்ஸ் பதில் சொன்னாள். நல்லபடியாக இருக்கிறாள், நேரம் எவ்வளவு ஆகும் என்று சொல்ல முடியாது. புஷ்பவல்லி போனுக்குத் திரும்பினாள்.

“அண்ணே, உங்க சம்சாரம் நல்லா இருக்காங்க. நீங்க வர்ற நேரம் லேபர் ரூம்லதான் இருந்துக்கிட்டிருப்பாங்க. பொறந்திருக்குமா இல்லையான்னு நான் வாக்குக் குடுக்க முடியாது, டாக்டரே சொல்லல. லோரியை விரட்டாதீங்க. பிள்ளை உங்களைப் பார்க்காம எங்கேயும் போயிடாது. மெதுவா வாங்க, நான் சொன்னேன்னு வாங்க.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “சரிக்கா, மெதுவா வரேன்.”

மேட்ரன் கேட்டார், என்ன சொன்னீர்கள் என்று. புஷ்பவல்லி யோசிக்கவே இல்லை. தேடவும் இல்லை. “ஹிஸ் ஒய்ஃப் வில் ஸ்டில் பி ரெஸ்டிங் இன் த லேபர் ரூம் வென் ஹி கம்ஸ். ஹி ஆஸ்க்ட் மீ, பை தட் டைம் வில் த பேபி ஹாவ் கம். தட், ஐ டிட் நாட் ப்ராமிஸ், மேடம். ஐ டோல்ட் ஹிம் டு டிரைவ் ஸ்லோ.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது. எட்டு மாதமாகக் காலண்டர் கட்டத்தில் முக்கி முக்கி எழுதியது இதைத்தானா? இத்தனை நாள் இதைத்தானே தமிழில் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருக்கிறோம், வந்திருப்பாங்க, தூங்கிட்டிருப்பாங்க, சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க என்று! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

மேட்ரன் சிரிக்கவில்லை. “எங்கள் பழைய கிளார்க் போனில் கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு வாக்குக் கொடுத்துவிடுவாள்” என்று மட்டும் இங்கிலீஷில் சொன்னார். பிறகு இன்னும் ஆறு கேள்வி கேட்டார். ஆறுக்கும் புஷ்பவல்லி பதில் சொன்னாள். ஒன்றிரண்டு தப்பு இருந்திருக்கும், நிற்கவில்லை.

“திங்கட்கிழமை தெரிவிக்கிறோம்” என்றார் மேட்ரன், எழுந்து.

திங்கட்கிழமை! மலர் வருவது ஞாயிற்றுக்கிழமை.

மினி பஸ் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேரும்போது நாலே முக்கால். அஞ்சடி வழியாக ஓட்டமும் நடையுமாகப் போனாள். தம்புசாமி கட்டுக் கட்டாகப் பேப்பர் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, எடுத்திடுங்க. வேணாம்.”

“கிடைக்கலையா தங்கச்சி?” என்றார் அவர், முகம் வாடி.

“திங்கட்கிழமைதான் சொல்லுவாங்களாம். கிடைக்காததைக் கிடைச்சதுன்னு போடக் கூடாது அண்ணே. எங்க அப்பா வாசிப்பார்.”

“சரி லா. அப்ப நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திடுங்க, மூலத்தையும் திருப்பிக் குடுத்திடறேன்.” கம்பியில் குத்தி வைத்திருந்த காகிதங்களிலிருந்து ஒன்றை உருவினார். “ஒண்ணு சொல்லணும் தங்கச்சி. இதை எழுதினவங்களுக்குத் தமிழ் சரியா வராது போலிருக்கு. நான்தான் உக்காந்து திருத்தினேன்.”

புஷ்பவல்லி வாங்கிப் பார்த்தாள்.

சிவசம்புவின் கையெழுத்து இல்லை. அரசாங்க ஆபீஸ் காகிதம், ஓரத்தில் ஃபைல் கயிறு கோர்க்க இரண்டு ஓட்டை. மேலே வலது மூலையில் தேதி. நடுவில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கோடு போட்ட நோட்டில் எழுதுகிற மாதிரி, கோணல் மாணலாகப் பெரிய பெரிய தமிழ் எழுத்து. ‘வாழ்த்து’ என்ற சொல்லை மூன்று தடவை எழுதிப் பார்த்து அடித்திருந்தது. மூன்றும் தப்பு. அடித்த இடமெல்லாம் சிவப்பு. பக்கத்தில் மறுபடி முயன்ற இடமெல்லாம் நீலம்.

புஷ்பவல்லி அங்கே இருந்த ஒரு பேப்பர்க் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

இராசேஸ்வரி அக்கா தமிழ் எழுதி அவள் பார்த்ததே இல்லை. கான்வெண்ட்டில் படித்தவள். கோயில் வகுப்பில் சின்ன வயசில் அ, ஆ கற்றதோடு சரி. வீட்டுக்குத் தமிழ்ப் பேப்பர் வந்தாலும் தொட மாட்டாள். அவளுக்குத் தெரிந்தவர்கள் யாரும் தமிழ் மலர் வாங்க மாட்டார்கள். பின்னே யாருக்காக இப்படி உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகச் செதுக்கினாள்?

‘கிள்ளான் திரு. வேலாயுதம் அவர்களின் அருமை மகள்.’ அந்த வரியில் மட்டும் ஒரு பிழைகூட இல்லை. யாரிடமோ கேட்டு எழுதியிருக்கிறாள்.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அஞ்சடியில் போகிறவர் வருகிறவர் பார்க்கிறார்களே என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

“தங்கச்சி, அஞ்சு ஆகப் பத்து நிமிஷம்தான் இருக்கு” என்றார் தம்புசாமி மெல்ல. “எடுத்திடவா?”

புஷ்பவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்பா பந்தியில் எழுந்து நின்று சொன்னது நினைவுக்கு வந்தது. வேலை கிடைக்கட்டும் என்றா சொன்னார்? இல்லையே. நாலு பேர் முன்னால் பதில் சொல்லட்டும் என்றல்லவா சொன்னார். மேட்ரன், மேனேஜர், நர்ஸ். நர்சுக்குப் பின்னால் கதவோரம் நின்றுகொண்டிருந்த அட்டெண்டர். எண்ணிப் பார்த்தால் சரியாக நாலு பேர்.

“எடுக்க வேணாம் அண்ணே. பேனாவைக் குடுங்க.”

புரூஃப் காகிதத்தை விரித்தாள். ‘வெற்றி பெற்று, பங்சார் மருத்துவமனையில் பணியில் அமர்ந்திருக்கும்’ என்பதை அடித்தாள். எழுத்துப் பரீட்சையில் தேறியது நடந்த விஷயம், அதை விட்டுவைத்தாள். மற்றதற்குத் தமிழ்ப்பள்ளிக் கையெழுத்தில், குண்டு குண்டாக எழுதினாள்: ‘ஆங்கிலத் தேர்வில் தேறி, நேர்முகத்தில் நாலு பேர் முன்னிலையில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிவிட்டு வந்திருக்கும்...’

தம்புசாமி எட்டிப் பார்த்தார். “இருபது வருஷமா மலருக்கு விளம்பரம் வாங்குறேன். இன்டர்வியூவுக்குப் போய் வந்ததுக்கு வாழ்த்துப் போடுறது இதான் முதல் தடவை!”

“இருக்கட்டும் அண்ணே. இது நடந்து முடிஞ்சது. யாரும் வந்து இல்லைன்னு சொல்ல முடியாது.”

கடைசி வரியில் பேனா நின்றது. ‘இப்படிக்கு: குடும்பத்தார்.’ அதை ஒரு கோட்டால் அடித்தாள். ‘இப்படிக்கு: நாத்தனார் இராசேஸ்வரி, பிரிக்பீல்ட்ஸ்.’

வீட்டுக்கு வந்தபோது இராசேஸ்வரி சமையலறை மேசையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தாள். தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது.

“வேலை?” என்றாள்.

“திங்கட்கிழமைதான் சொல்லுவாங்க.”

இராசேஸ்வரியின் முகம் வெளிறிப் போயிற்று. “திங்கட்கிழமையா? இன்னிக்கே சொல்லிடுவாங்கன்னு நினைச்சேனே.” எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். “புஷ்பம், நான் ஒரு மடத்தனம் பண்ணிட்டேன். இப்பவே தம்புசாமி கடைக்குப் போகணும்.”

புஷ்பவல்லி அந்த ஆபீஸ் காகிதத்தை மேசையில் வைத்தாள். இராசேஸ்வரி தன் கோணல் எழுத்தைப் பார்த்தாள். வகுப்பில் பிடிபட்ட பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

“ரெண்டு வாரமா உன் காலண்டர்ல சிவப்புப் போட ஒண்ணும் கிடைக்கலை” என்றாள், காகிதத்தைப் பார்த்தபடியே. “இந்தப் பிள்ளை பாஸ் பண்ணிடும்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. மலருக்குக் கடைசித் தேதியோ போன வாரம். விட்டா இன்னும் ஒரு வருஷம். உங்க அப்பாவுக்கு எழுபத்தொண்ணு. முப்பது வருஷ சர்வீஸ்ல, கையெழுத்தாகாத ஃபைலை முடிஞ்சதுன்னு நான் எழுதினதே கிடையாது. ஓம், இதுதான் முதல் தடவை.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா. நானே அப்பாகிட்ட சொல்லியிருப்பேனே.”

“நீ சொன்னா அது நீ சொன்னது. அவரை நான் பந்தி நடுவில வச்சுக் கேட்டேன், புஷ்பம். அவர் சிரிச்சுக்கிட்டே யெஸ் யெஸ்னு சொன்னார். அந்தச் சிரிப்பு பதினாலு வருஷமா என் கண்ணை விட்டுப் போகலை. எல்லார் முன்னாலயும் பண்ணினதை எல்லார் முன்னாலயும்தானே சரி பண்ணணும்? நேரா போய் நிக்கத் தைரியம் இல்லை. அவர் வாசிக்கிற பாஷையில எழுதலாம்னு உக்காந்தேன். அதுவும் வரலை.” காகிதத்தைத் தள்ளி வைத்தாள். “போ, எடுத்திடச் சொல்லு.”

“மணி அஞ்சரை ஆச்சு அக்கா. பக்கம் அச்சுக்குப் போயிருக்கும்.”

புஷ்பவல்லி தான் மாற்றி எழுதியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். கடைசி வரியைச் சொன்னபோது இராசேஸ்வரி நிமிர்ந்தாள்.

“என் பேரையா போட்டே?”

“எழுதினது நீங்கதானே.”

இராசேஸ்வரி ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தாள்.

“ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு உங்க அப்பா பேப்பர் பார்ப்பார்?”

“எட்டு மணிக்குக் கடை வாசல்ல ஸ்டூல் போட்டு வாசிச்சிட்டிருப்பார்.”

“ஒன்பது மணிக்கு?”

“எல்லாப் பக்கமும் பார்த்து முடிச்சிருப்பார். ஒரு முகத்தை விட மாட்டார்.”

“அதுக்கப்புறம்?”

எட்டு மாதம் புஷ்பவல்லி படித்த பாடத்தில் அது வரவில்லை. தீபாவளிக்கு இந்தப் படி ஏறி வருவாரா? வாசித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டு, பூக்கட்ட உட்கார்ந்துவிடுவாரா? பிடிவாதத்தில் அவர் லேசுப்பட்டவர் இல்லை.

இராசேஸ்வரி எழுந்து சுவர்ப் பக்கம் போனாள். கைப்பையைத் திறந்து பென்சிலை எடுத்தாள். காலண்டரைத் தொடவில்லை. பக்கத்தில் குத்தியிருந்த தன்னுடைய தீபாவளிப் பட்டியலைப் பார்த்தாள்.

வாழை இலை மூன்று என்றிருந்த இடத்தில், மூன்றைச் சிவப்பால் சுற்றி வட்டம் போட்டாள். பென்சிலைத் திருப்பினாள். நீலத்தால், பக்கத்தில், நாலு என்று எழுதினாள்.